நனையாத நாட்கள்

மார்ச் 3

அக்காவுக்கு,

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. பேருந்து நிலையத்தில் பார்சல் எடுத்துக் கொடுக்கும் ஆள் பாக்கெட்டின் மேலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு சார், உங்களுக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பார்சலைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அப்பாவுக்கு என்று சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டிருப்பான். அது எனக்கு வேண்டாம்.

ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசுவது நமக்குச் சரிப்படாது. போன தடவை நீ பாதியில் வைத்துவிட்டாய். அதோடு இது இரண்டு அறை வீடு. நான் வாயைத் திறந்தால் அப்பாவுக்குக் கேட்கும். அவருக்கு எது போனாலும் காது மட்டும் போகவில்லை. கடிதத்தை ஓட்டுநர் கையில் கொடுத்தால் மறுநாள் கிடைத்துவிடும் என்கிறார்கள்.

நிலைமை இதுதான். ஜனவரியில் குளியலறையில் விழுந்ததிலிருந்து அப்பாவுக்குச் சிறுநீர் நிற்பதில்லை. வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில் நேரமே இல்லை. எலும்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டால் நடக்கிறார். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பதினொரு அடி. பல நாள் ஒன்பதாவது, பத்தாவது அடியில் போய்விடுகிறது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு என்னைப் பார்ப்பார். நான் துடைப்பேன். நாற்பது நாளாக இதுதான் என் உத்தியோகம். பரிசோதனைக் கூடத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நீ அனுப்பியிருப்பது, ஜட்டி மாதிரி காலை நுழைத்து மேலே இழுத்துக்கொள்ளும் பேன்ட் வகை டயப்பர். எதை வைத்து இதைத் தேர்ந்தெடுத்தாய்? கடையில் பொம்மைக்குப் போட்டுக் காட்டினார்களா? இருபத்தாறு வருடமாகக் குடிநீரை அளந்து, எடைபோட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பவன் நான். என்னைக் கேட்கத் தோன்றவில்லை உனக்கு. எப்போது தோன்றியிருக்கிறது?

இங்கே கிடைக்கிற எல்லா வகையிலும் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிச் சோதித்துவிட்டு நான் முடிவு செய்கிறேன். அதுவரை எதையும் அனுப்பாதே.

தம்பி

மார்ச் 8

தம்பிக்கு,

நீ குத்திக் காட்டாமல் எழுதியிருந்தால்தான் பயந்திருப்பேன். நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

நான் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டாயே, சொல்கிறேன். நான் இருபது வருடமாக ஆயத்த ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இதுவும் ஓர் உடுப்புதான். உடுப்பு என்றால் முதலில் யார் போடுகிறார், போட்டுக்கொண்டு என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். அப்பா நடக்கிறார். அவருக்குப் பேன்ட் வகைதான். தானே கீழே இறக்குவார், தானே ஏற்றிக்கொள்வார். வழியில் கொஞ்சம் போனாலும் அது தாங்கிக்கொள்ளும். மீதி கழிப்பறையில் போகும். பதினொன்றில் பத்து அடி நடக்கிற மனுஷனை நீ குறையாக எழுதுகிறாய். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

இடுப்பை மட்டும் அளக்காதே. தொப்புளுக்கு நேராக ஒரு சுற்று, இடுப்பெலும்புக்கு மேல் ஒரு சுற்று, இரண்டில் எது அதிகமோ அதற்கு வாங்கு. பெரிய சைஸ் நிறையத் தாங்கும் என்று எல்லோரும் பெரிதாக வாங்குவார்கள். ஒழுகுவது இடுப்பில் இல்லை, தொடையில். தொடையில் ஒரு விரலுக்குமேல் இடைவெளி இருந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் வீண். உள்பக்கம் நிற்கிற மெல்லிய ஃப்ரில்லை விரலால் இழுத்து வெளியே விடு. அதை மடக்கிப் போட்டுவிட்டுத்தான் கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அவராகக் கேட்காவிட்டாலும் கூட்டிப் போ. நானே வந்து செய்வேன். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு ஆபரேஷனில் போட்ட தையல் இன்னும் ஆறவில்லை, அவரைத் தனியே விட முடியாது. ஏப்ரல் பாதிக்குமேல் வருகிறேன்.

கீழே இருப்பதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு.

அப்பா, மில்லில் டைம் கீப்பர் வேலையில் ஒரு நாளும் லேட்டாகப் போகாத ஆள் நீங்கள். இப்போது ஒரு அடி லேட்டாகிறது, அவ்வளவுதான். அதற்கெல்லாம் யாரும் மெமோ கொடுக்க மாட்டார்கள்.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

சோதனை முடிந்தது. முடிவை எழுதுகிறேன். உனக்குப் பிடிக்காது.

ஆறு வகை வாங்கினேன். உடல் சூட்டில் உப்புத் தண்ணீர். இருநூறு மில்லி ஊற்றி, பத்து நிமிடம் விட்டு இன்னொரு இருநூறு, இப்படி நிரம்புகிற வரை. ஒவ்வொரு தடவையும் மேலே உலர்ந்த மையொற்றுத் தாளை வைத்து, அதன்மேல் ஒரு தடித்த அகராதியை வைத்து, தாளை எடைபோட்டுப் பார்த்தேன். நீ அனுப்பியது இரண்டாவது இருநூறிலேயே தாளை நனைத்துவிட்டது. நீலப் பாக்கெட்டில் வருகிற டேப் வகை, இரண்டு பக்கமும் ஒட்டுப்பட்டை உள்ளது, ஆயிரத்து இருநூறு வரை தாங்கியது. தாள் மொறமொறவென்று இருந்தது. அளவிட்டால் உண்மை தெரிந்துவிடும். பாசத்தால் தெரியாது.

டேப் வகை என்றால் படுத்திருப்பவருக்குத்தான் கட்ட முடியும், நின்றுகொண்டு அவராக அவிழ்க்க முடியாது என்று நீ சொல்வாய். தெரியும். ஆயிரத்து இருநூறு தாங்கும்போது எதற்காக அவிழ்க்க வேண்டும், எதற்காக நடக்க வேண்டும்? தரையில் வழுக்கி இன்னொரு முறை விழுந்தால் இடுப்பெலும்புக்கு நீயா பொறுப்பு?

உன் ஆலோசனைப்படி இரண்டு சுற்று அளந்தேன். "என்னடா, கோட்டு தைக்கப் போறியா எனக்கு?" என்றார். கட்டி முடித்ததும் கேட்டார்:

"அப்ப இனிமே நான் எழுந்திருக்க வேண்டாமா?"

"வேண்டாம்ப்பா. படுத்த இடத்துலயே போகலாம். யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமில்ல?"

"நான் மாத்தணும்ல. தெரியத்தான் செய்யும்."

மின்விசிறியைப் பார்த்தபடியே, "சரி. நீ படிச்சவன்" என்றார்.

காலை எட்டு, மாலை எட்டு என்று இரண்டு வேளை மாற்றுகிறேன். கழற்றியதை எடைபோட்டு, காய்ந்த எடை நூற்றுப் பதினெட்டு கிராமைக் கழித்தால் எத்தனை மில்லி என்று வந்துவிடும். முதல் நாள் இரண்டு வேளையும் சேர்த்து 1,350. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. இரண்டு மாதத்தில் முதல் முறையாக வீட்டில் வாடை இல்லை.

உன் வரிகளைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

நீ சோதித்தது சரக்கை. அப்பாவை இல்லை.

உனக்கு வசதியானதை வாங்கியிருக்கிறாய். அதை அப்படியே சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன். தனி ஆளாகக் கிடந்து அல்லாடுகிறாய், எனக்குத் தெரியாதா? பகலில் நடக்க வைத்துப் பேன்ட் வகையும், படுக்கப் போகும்போது நீ சொல்கிற டேப் வகையும் போடு. இரண்டும் இருக்கட்டுமே. எதற்கு ஒன்றுதான் ஜெயிக்க வேண்டும்?

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றா? தாள் காய்ந்திருக்கிறது என்றால் தோல் காய்ந்திருக்கிறது என்று அர்த்தமா? பின்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பார். விரலால் அழுத்தினால் சிவப்பு வெளுத்துத் திரும்ப வர வேண்டும். வெளுக்காவிட்டால் அது புண்ணுக்கு ஆரம்பம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. ரேஷன் வரிசையில்கூட முன்னால் நிற்பவன் சட்டைப் பொத்தானைப் பற்றி ஏதாவது சொல்லுவார்.

அவர் பேசியதை அப்படியே எழுது. நீ சுருக்காதே.

அக்கா

மார்ச் 28

அக்காவுக்கு,

சிவப்பு இருக்கிறது. அழுத்தினால் வெளுக்கிறது. பார்த்துவிட்டேன், போதுமா?

உன் சமரச யோசனையைச் செய்து பார்க்கச் சொல்லி அவரிடமே கேட்டேன். "நடக்கலாமாப்பா?" "எதுக்கு?" என்றார். நீ கேட்டபடி சுருக்காமல் எழுதியிருக்கிறேன். அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான். இப்போது நிற்க வைத்தால் முழங்கால் நடுங்குகிறது. இதற்கு என்னைக் காரணம் சொல்லாதே. எண்பத்திரண்டு வயது.

ஆனால் மற்றது நன்றாகப் போகிறது. 1,350-இல் தொடங்கியது 1,100 ஆனது, பிறகு 870, நேற்று 640. பல காலை பாக்கெட்டிலிருந்து எடுத்தது போலவே இருக்கிறது. நோட்டுப் புத்தகம் சமையலறையில் ஈரமாகிவிட்டதால் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு ஒட்டியிருக்கிறேன். தேதி, காலை, மாலை, மொத்தம். பார்த்தவுடன் புரியும்.

கட்டம் போடும்போது நம் பழைய வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த மாதக் காலண்டர் நினைவுக்கு வந்தது. உனக்கு மறந்திருக்கும். அப்பா மில்லிலிருந்து கொண்டுவந்த, வேலைக்கு வந்தவர்களைக் குறிக்கிற சிவப்புப் பென்சிலால், நான் படுக்கையை நனைத்த ஒவ்வொரு நாளையும் வட்டம் போடுவார். எனக்கு ஒன்பது வயது. வந்த விருந்தாளி ஒருவர், "என்ன இது, பால்காரன் வராத நாளா?" என்று கேட்டார். "இல்ல, என் பையன் வேலைக்கு வந்த நாள்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பல் விழுந்திருந்தது உனக்கு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. நினைவுக்கு வந்தது, எழுதினேன்.

தம்பி

ஏப்ரல் 1

தம்பிக்கு,

சிரித்தேன். மறக்கவில்லை.

நீ எழுதிய எண்களைக் கம்பெனியில் எங்கள் முதலுதவி நர்ஸிடம் காட்டினேன். "டயப்பர் மாத்தினா மூத்திரம் எப்படிக்கா கொறையும்? அது என்ன குழாய் திருகா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். நீதான் அளக்கிறவன்.

எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்? சிறுநீர் என்ன நிறம்? நாக்கை நீட்டச் சொல்லிப் பார்.

இன்னொன்று. அந்தத் தாளை எங்கே ஒட்டியிருக்கிறாய்?

அக்கா

ஏப்ரல் 5

அக்காவுக்கு,

தண்ணீர் ஒரு நாளைக்கு எட்டு தம்ளர் கொடுக்கிறேன். கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறேன். திரும்பி வரும்போது தம்ளர் காலி. இதற்குமேல் என்ன செய்ய? வாயைத் திறந்து ஊற்றவா? நிறம் கொஞ்சம் கெட்டிதான். வெயில் ஏறிவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தான்.

உன் நர்ஸுக்குச் சொல், இங்கே யாரும் குழந்தை இல்லை. இருநூறு மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு நாக்கை நீட்டச் சொல்வது சுலபம். எனக்கு வெளியூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, "ரெண்டு பேரும் போயிட்டா வீட்டுல யாரு?" என்று கேட்டவர் அவர். முதலில் போனவள் நீ. அந்தக் கேள்வியை உன்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று நீ அளந்துகொண்டிருப்பாய், நான் அங்கிருந்து யோசனை சொல்லிக்கொண்டிருப்பேன்.

அப்பா நலமாகத்தான் இருக்கிறார். முரண்டு இல்லை, கத்தல் இல்லை. காலையில் நான் எடைபோட்டுவிட்டு வரும்போது முகத்தைப் பார்ப்பார். "இன்னிக்கு எவ்வளவுடா?" நேற்று 310 என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். சந்தோஷப்பட்ட மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

தம்பி

ஏப்ரல் 8

தம்பிக்கு,

தாள் எங்கே இருக்கிறது என்பதற்குப் பதில் எழுதவில்லை. அதனால் பதில் தெரிந்துவிட்டது. கட்டிலில் படுத்தால் கண்ணுக்கு நேராக இருக்கிறது.

நீ எழுதாத இன்னொன்றை நான் எழுதுகிறேன். அந்த வருடம் சித்திரையில் உனக்கு உதடு வெடித்துக் கிடந்தது. மதியத்துக்குமேல் நீ தண்ணீர் குடிப்பதில்லை. அம்மா கொடுக்கிற பாலைக் கொல்லைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, குடித்த மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வருவாய். நான் துணி உலர்த்துகிற இடத்திலிருந்து பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உன்னைக் குடிக்க வைப்பார்கள், உனக்கு வட்டம் விழும் என்று நினைத்தேன், அந்த வயதில் என் புத்தி அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது விழுந்தாய். டாக்டர் வந்தபிறகுதான் காலண்டர் இறங்கியது. உன்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அப்பாவும் அதையே செய்கிறார். தாளைக் கிழி. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விழுங்குவதைக் கண்ணால் பார். இந்தக் கடிதம் கிடைத்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. மாமாவுக்குச் சீழ் வைத்துத் திரும்பப் போட்ட தையலை நாளைக்குப் பிரிக்கிறார்கள். அது முடிந்ததும் டிக்கெட் போடுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. அதற்கு முன்னாலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டேன். என்னை யார் என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். அன்று காலை எடுத்ததில் நூற்றுப் பதினெட்டு கிராம்தான் இருந்தது. சுத்தமாக ஒன்றுமில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் நின்றேன்.

நீ கண்டுபிடித்ததாக நினைக்கிறாய். இல்லை, எனக்கு முன்பே தெரியும். மார்ச் 24 அன்று கடையிலிருந்து திரும்பும்போது தெருவிலிருந்து நம் ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன். கட்டிலை ஒட்டிய ஜன்னல். அதன் கீழே சிமென்ட் விளிம்பு நனைந்திருந்தது, சுவரில் கோடாக இறங்கியிருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. கம்பிக்கு நடுவில் கையை விட்டுத் தம்ளரைக் கவிழ்த்திருக்கிறார். அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வித்தையில் நான் அவருக்கு மூத்தவன்.

மேலே வந்தேன். "தண்ணி குடிச்சீங்களாப்பா?" என்று கேட்டேன். "குடிச்சேன்டா" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டார். நான் தாளில் அன்றைய மொத்தத்தை எழுதினேன். சிவப்புப் பேனா கைக்குக் கிடைத்தது, அதனால் எழுதினேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கைக்குக் கிடைக்கவில்லை. கடைக்குப் போய் வாங்கினேன்.

பதினாறு நாள். தினமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் எண் குறைந்தது, ஒவ்வொரு நாளும் அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை, அக்கா. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. இதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

கையில் டிரிப்ஸ் ஏறுகிறது. சிறுநீரகம் பாதிக்குமேல் வேலை செய்யவில்லை என்றார் டாக்டர். இரண்டு நாளில் தேறினால் உண்டு. வாயாலும் குடித்தாக வேண்டுமாம். சிறுநீர் இறங்கக் குழாய் போட்டுப் பையைக் கட்டில் கம்பியில் மாட்டியிருக்கிறார்கள். இனி டயப்பர், பேன்ட், டேப் எதுவும் வேண்டியதில்லை. நீயும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை.

பையின்மேல் கோடுகள் அச்சிட்டிருக்கிறார்கள். ஐம்பது, நூறு, இருநூறு, மேலே இரண்டாயிரம் வரை. தலையைத் திருப்பினால் அவருக்குத் தெரிகிறது. இன்று காலை நினைவு திரும்பியதும் முதலில் அதைத்தான் பார்த்தார். அடியில் கறுப்பாக விரலளவு நின்றது. நான் கரண்டியில் தண்ணீர் எடுத்துப் போனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நர்ஸ் கொடுத்தும் வாங்கவில்லை.

துண்டை எடுத்துப் பையை மூடினேன். "இனிமே யாரும் அளக்கலப்பா. தாளைக் கிழிச்சுட்டேன். குடிங்க" என்றேன்.

துண்டின் நுனியைப் பிடித்தார். பிறகு, "அதை எடுடா. கோட்டைத் தாண்டாம இருக்கான்னு நான் பாக்கணும்" என்றார்.

எடுக்காவிட்டால் ஊசி போட்ட கையால் இழுக்கிறார். எடுத்துவிட்டேன். கரண்டியை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லி அவர் குடிக்க மாட்டார். போனில் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது. காலைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுக்கிறேன்.

தையல் பிரித்தார்களா, இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காதே. வா.

தம்பி